கணக்குப்பிள்ளை சொன்ன நேரம்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். உள்ளங்கை அகலத்தில், வெள்ளையாக இருந்து பழுப்பேறிப்போன ஒரு பழைய கால்குலேட்டர். கூட்டல் கழித்தலுக்கு ஆனதல்ல. மைக்ரோவேவ் அடுப்பில் எதை எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்று சொல்வதற்கென்றே செய்தது. எண் பொத்தான்களுக்கு மேலே கோழி, மீன், கேரட், ரொட்டி என்று குட்டிக் குட்டிப் படங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பண்டமாக இருந்தால் பனிக்கட்டிப் படம் போட்ட பொத்தானையும் அழுத்தவேண்டும். எடையைக் கொடுத்தால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, இத்தனை நிமிடம் என்று திரையில் காட்டும்.

காப்பகத்தைத் தன் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நடத்தி வந்தவர் டீச்சரம்மா. மைக்ரோவேவ் வாங்கினால் அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போன காலத்தில், அவருடைய கணவர் அடுப்போடு சேர்த்து வாங்கிவந்தது அது. அந்த அடுப்பு செத்தது, அதற்கு அடுத்ததும் செத்தது, கணவரும் போய்ச் சேர்ந்தார். கணக்குப்பிள்ளை மட்டும் பேட்டரி மாற்ற மாற்ற உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதைத் தினமும் கையில் எடுத்தவள் சமையலக்கா. அவளைவிட வயதில் மூத்த பெற்றோர்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நெருப்பு வைத்துச் சமைப்பதென்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொதிக்கிற சத்தத்தை வைத்தே பக்குவம் சொல்லிவிடுவாள். ஆனால் தவழும் குழந்தைகள் இருக்கிற இடத்தில் தீயே கூடாது என்பது காப்பகத்தின் சட்டம். வார இறுதியில் மாடியில் டீச்சரம்மாவின் அடுப்பில் மொத்தமாகச் சமைத்து, டப்பாக்களில் போட்டு உறையவைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மைக்ரோவேவில் சூடாக்குவாள். அந்த மைக்ரோவேவோ அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தீயும் இல்லை, புகையும் இல்லை, வாசனைகூட நேரத்துக்கு வருவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? அதனால் கணக்குப்பிள்ளை சொன்னதே வேதம் என்று இருந்துவிட்டாள்.

அன்று காலையில் அது கீழே விழுந்தது. போட்டவன் புயல். சமையலக்காவின் தங்கை மகன். இரண்டு வயது முடியவில்லை, கைக்கு எட்டியதெல்லாம் தரைக்கு வந்துவிடும். சமையலறைக் கதவு ஒரு நிமிடம் திறந்திருந்ததில் உள்ளே நுழைந்தவன், மேசை விளிம்பில் இருந்ததை இழுத்துவிட்டான். அது முகம் குப்புற விழுந்தது.

"உன்னைக் கட்டிப்போட்டாத்தான் சரிப்பட்டு வருவே," என்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளையைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பார்த்தாள். கீறலில்லை. பொத்தானை அழுத்தினால் கீச்சென்றது. பிழைத்தது என்று வைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு, கோழியும் சோறும் கேரட்டும் சேர்த்து மசித்தது. குளிரில் கல்லாகிக் கிடந்த கட்டிகளைப் பெரிய கண்ணாடித் தட்டில் போட்டு எடை பார்த்தாள். பொத்தான்களை அழுத்தும்போது அவள் திரையைப் பார்ப்பதில்லை. கண் தராசின்மேல் இருக்கும், விரல் தானாகப் போகும். கடைசியில் கீச் கேட்ட பிறகுதான் பார்த்தாள். பதினொன்று.

இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு எண்ணம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் உள்ளே இரண்டு பிள்ளைகள் பசியில் ஒன்று மாற்றி ஒன்று அலறிக்கொண்டிருந்தன. காய்ச்சல் பருவமாதலால் அன்று வந்த குழந்தைகளும் குறைவு, தட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தது. அதனால்தான் போலும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுப்பு நின்றதும் ஓரத்தில் விரல் வைத்தாள். சுட்டது. ஒரு கிளறு கிளறிக் கிண்ணங்களில் போட்டு அனுப்பிவிட்டாள்.

பிள்ளைகள் உறங்கிய பிறகு, மாலைக்குப் பூசணி வேகவைக்க உட்கார்ந்தாள். எழுநூறு கிராம். பூசணி உருண்டுவிடாமல் இடது கையால் பிடித்திருந்ததால், அன்று அபூர்வமாகத் திரையைப் பார்த்தபடி ஏழாம் எண்ணை அழுத்தினாள். திரையில் விழுந்தது ஒன்று.

விரல் தவறிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஒன்று.

சமையலக்கா பூசணியை விட்டுவிட்டாள். ஒவ்வோர் எண்ணாக அழுத்திப் பார்த்தாள். ஒன்பது நாலாக நின்றது. பூஜ்யம் மூடியில்லாத பாத்திரம்போல வாயைத் திறந்துகொண்டிருந்தது. எட்டுக்குத் தலையில்லை. அந்தத் திரையில் எண்ணெல்லாம் சின்னச் சின்னக் கோடுகள் சேர்ந்தவை; கடைசி இலக்கத்தில் மேலே படுக்கும் ஒரு கோடு செத்துப்போயிருந்தது. அந்தக் கோடு இல்லாவிட்டால் ஏழும் ஒன்றுதான்.

அப்படியானால் மதியம் பார்த்தது பதினொன்றா, பதினேழா?

மதியம் தராசு காட்டிய எடையை மறுபடி போட்டாள். பதினொன்று என்றது. அதனிடமே கேட்டு என்ன பயன், பதினேழாக இருந்தாலும் அப்படித்தானே காட்டும்? யோசித்து, எடையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டாள். பதினாறு, தலையில்லாத ஆறோடு. கொஞ்சம் கூட்டிப் போட்டாள். பதினெட்டு, தலையில்லாத எட்டோடு. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் பதினொன்றுக்கு என்ன வேலை?

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் வரிசையாகப் பாயில் கிடந்தார்கள். திரைச்சீலை போட்ட அரை இருட்டில், பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிற குயில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பாள், ஒரு பாட்டும் சுருதியில் நிற்காது. அதனால் அந்தப் பெயர்.

"குயிலு, மத்தியானம் சாப்பாடு சூடா இருந்துச்சா?"

"ஏன்க்கா?"

"சொல்லேன்."

"அளவாத்தான் இருந்துச்சு. சொல்லப்போனா நடுவுல எடுத்தது கொஞ்சம் ஜில்லுனுகூட இருந்துச்சு. ஊதி ஊதி ஊட்டற வேலை மிச்சம்னு நெனச்சேன்." முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"மிச்சம் ஏதாவது இருக்கா?"

"ஒரு பருக்கை இல்ல. புயல் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னான். தட்டெல்லாம் பளபளன்னு கழுவிக் கவுத்துட்டேன்."

சமையலக்கா புயலைப் பார்த்தாள். கையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு, வாய் திறந்து தூங்கினான். பக்கத்தில் வாத்து. ஆடி ஆடி நடக்கிற, எப்போதும் சளிப்பிடித்த, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி ஒரு குழந்தை. குனிந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். சூடாக இருப்பதுபோலப் பட்டது. புயலின் நெற்றியைத் தொட்டாள். அதுவும் அப்படித்தான் பட்டது. தன் கைதான் குளிர்ந்துகிடக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது.

பின்கட்டுக்குப் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை ஒரு பால் பண்ணையில், பால் கெட்டிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற இடத்தில் வேலை செய்தாள்.

"அடியே, பதறாதே. சின்னவன் நல்லாத்தான் இருக்கான். ஒண்ணு கேக்கணும். வெந்த கோழியை ஃப்ரீசர்ல வச்சு, எடுத்துச் சூடு பண்றப்ப, உள்ள வரைக்கும் சூடு ஏறலேன்னா என்ன ஆகும்?"

"அரைகுறையா வெதுவெதுன்னு இருந்துச்சுன்னா கிருமிக்கு அதுதான் கல்யாண விருந்து. ஏன் கேக்கறே?"

சொன்னாள். தங்கைக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம்க்கா," என்றாள் கடைசியில். "ஆனா பாத்துக்கணும். வாந்தி, வயித்தால போறது, காய்ச்சல். உடனே தெரியும்னு சொல்ல முடியாது, ராத்திரி ஆகலாம், நாளைக்கும் ஆகலாம். நான் சீக்கிரம் வந்து அவனைக் கூட்டிட்டுப் போறேன்."

"வா. அதுக்குத்தான் சொன்னேன்."

"மத்த புள்ளைங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

சமையலக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அக்கா?"

"இன்னும் இல்ல."

"எனக்குத்தான் மொதல்ல சொன்னியா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மனதுக்குள் வக்கீல் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். எப்படியும் ஏற்கெனவே வெந்த கோழிதானே? ஓரமெல்லாம் சுட்டதே? குயில் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஒன்றும் ஆகவில்லையென்றால் எதற்கு வீணாக ஊரைக் கூட்டவேண்டும்? வேலை போகும். போனால், இந்த வயதில் இன்னொரு சமையலறையில் யார் சேர்ப்பார்கள்? எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சொல்லியாகிவிட்டது. அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் வக்கீலுக்கு வாய் அடைத்துக்கொண்டது.

படியேறிப் போய் டீச்சரம்மாவிடம் சொன்னாள். கணக்குப்பிள்ளையையும் எடுத்துப்போய் ஏழை அழுத்திக் காட்டினாள். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது பொய்யே சொல்லாது," என்றார், யாரோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "வெந்த கோழிதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சுப் பாத்தேன். உள்ள ஜில்லுனு இருந்திருக்கு. குயில் சொல்றா."

"யாருக்காவது ஏதாவது?"

"இப்ப வரைக்கும் இல்ல. எல்லாம் தூங்குது."

டீச்சரம்மா விரல்களைப் பின்னிப் பின்னிப் பிரித்தார். "இப்படிச் செய்யலாம். வயித்துப்போக்கு பரவுதாம், எதுக்கும் பிள்ளையைக் கவனிச்சுக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவோம். அவங்களும் ஜாக்கிரதையா இருப்பாங்க. நாமளும் தப்பிச்சோம்."

சமையலக்காவுக்கு அது தேனாக இனித்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு டாக்டரின் மேசை கண்முன் வந்தது. "டாக்டர் என்ன சாப்பிட்டான்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க டீச்சரம்மா? அவங்களுக்குத் தெரியாதே."

டீச்சரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எரிச்சல் இருந்தது. "காப்பகத்தை மூடினா உனக்கும்தான் வேலை இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும்."

"போனை எடு," என்றார் டீச்சரம்மா. "நான் பேசறேன். நீ பக்கத்துலயே இரு."

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். ஒரு தகப்பன் சிரித்தான்: "எங்க வீட்ல அவன் மண்ணையே அள்ளித் திங்கறான், கோழிக்கா பயப்படப்போறான்?" ஒரு தாய் பேசவே இல்லை, "இதை எழுத்துல அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். இன்னொருத்தி கத்தியதில் டீச்சரம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது; அறை முழுக்கக் கேட்டது. தையற்கூடத்தில் வேலை செய்கிற வாத்தின் அம்மா, இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, "என்ன? என்ன சூடு ஏறல?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் டீச்சரம்மா சொன்னார். ஒவ்வொரு முறையும் சமையலக்காவுக்குப் புதிதாகச் செய்த குற்றம்போல இருந்தது.

மாலையில் வழக்கமாக வாசலில் நின்று கதை பேசுகிற பெற்றோர், பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு போனார்கள். சமையலக்கா ஒளிந்துகொள்ளாமல் கூடத்திலேயே நின்றாள். சிலர் அவளைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. எது மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் அவள் கணவன், பஸ் ஓட்டுகிறவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு கோடு செத்ததுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றான்.

"சீக்கிரமா இருக்கேன்னு தோணுச்சுங்க. தோணியும் விட்டுட்டேன்."

அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போன் ஒலிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. ஒலிக்காதபோது அதைவிட மோசமாக இருந்தது.

விடிந்து, அவள் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது டீச்சரம்மா கூப்பிட்டார். வாத்துக்கு வயிற்றால் போகிறது, நிற்கவே இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

எந்தப் பஸ்ஸில் ஏறினாள், எங்கே இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. குழந்தைகள் வார்டின் நீளமான நடைபாதையில் பினாயில் வாடை அடித்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். பெரிய கட்டிலின் ஒரு மூலையில் வாத்து கிடந்தான். புறங்கையில் ஊசி குத்தி, அது அசையாமலிருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. அழக்கூட இல்லை. அழுதாலாவது மனம் ஆறியிருக்கும்.

வாத்தின் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். நகக்கண்களில் நீலம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

"டாக்டர் என்ன சொல்றாருங்க?"

"தண்ணி வத்திப்போச்சாம். ஏத்தறாங்க. இன்னிக்குத் தாண்டணும்னு சொன்னாரு."

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். தலை கலைந்து, தோளில் பிள்ளையின் வாந்தி காய்ந்த கறையோடு. சமையலக்காவைக் கண்டதும் நின்றாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"பாக்கணும்னு..."

"பாத்தாச்சில்ல?"

"ஏம்மா," என்றார் அப்பா தணிந்த குரலில். "நம்ம பெரியவனுக்கும் முந்தாநாள் வயிறு சரியில்லாமதானே இருந்துச்சு? எதனாலன்னு டாக்டரே சொல்லலையே."

"நீங்க சும்மா இருங்க." அம்மா அவளிடம் திரும்பினாள். "நீங்க போன் பண்ணலேன்னா, பல்லு மொளைக்குது, அதான் போகுதுன்னு வீட்லயே வச்சுக் கஷாயம் குடுத்திட்டிருப்பேன். கோழின்னு சொன்னதாலதான் விடியறதுக்குள்ள தூக்கிட்டு ஓடியாந்தோம். நல்லவேளைன்னு டாக்டரும் சொல்றாரு. அதுக்காக உனக்கு நன்றி சொல்லணுமா? ஊட்டினதும் நீங்கதானே?"

"வேண்டாம்மா. நன்றியெல்லாம் வேண்டாம்."

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

அவளுக்கே தெரியவில்லை. நின்றாள். அம்மா கையிலிருந்த வெறும் பாட்டிலை நீட்டினாள். "காய்ச்சி ஆறின தண்ணி வேணும். கீழ கேண்டீன்ல இருக்கும்."

சமையலக்கா படிகளில் ஓடினாள். கேண்டீன்காரரிடம் நல்லாக் கொதிச்சதா, நல்லாக் கொதிச்சதா என்று கேட்டுக் கேட்டு அவர் பொறுமையைச் சோதித்து, தன் கண்முன்னாலேயே மறுபடி கொதிக்கவைத்து வாங்கிவந்தாள். அன்று முழுவதும் அவள் அந்த நடைபாதையிலேயே இருந்தாள். அம்மா அவளிடம் அதற்குமேல் பேசவில்லை, போகவும் சொல்லவில்லை. மாலைவெயில் ஜன்னலில் இறங்கியபோது உள்ளிருந்து ஓர் அழுகைச் சத்தம் வந்தது. கோபமான, வீம்பான, நல்ல கனத்த அழுகை. அப்பா எழுந்து நின்றார். "ஊசியைப் புடுங்கப் பாக்கறான்," என்றாள் நர்ஸ் எட்டிப்பார்த்து. சமையலக்கா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வேறு எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பங்கு தின்ற புயல், அன்றிரவு வீட்டில் மூன்றாவது பங்குக்கு அடம்பிடித்ததாகத் தங்கை சொன்னாள். வாத்துக்கு வந்தது கோழியாலா, அண்ணனிடமிருந்து தொற்றியதாலா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சமையலக்கா அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள ஒருபோதும் துணியவில்லை. எழுத்தில் கேட்ட தாயும், போனில் கத்திய தாயும் பிள்ளைகளை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்து, சமையலறையைச் சுற்றிப் பார்த்து, உணவுக்குள் குத்திச் சூடு பார்க்கிற கருவி இல்லாமல் இனி ஒரு கிண்ணமும் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சரம்மா அன்றைக்கே அதை வாங்கினார். கணக்குப்பிள்ளையைக் கைக்குட்டையில் சுற்றி மாடிக்கு எடுத்துப்போனார். குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை, யாரும் போடச் சொல்லவும் இல்லை. சமையலக்காவைப் போகச் சொல்லவில்லை. ஆனால் முன்போலச் சிரித்துப் பேசவும் அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வாத்து திரும்பி வந்தது வெகுநாள் கழித்து, ஒரு மதியம். கொண்டுவந்தவள் அம்மா. பிள்ளையைக் கூடத்தில் குயிலிடம் விட்டுவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். வேலைக்குப் போகிற அவசரம் எதுவும் அவளிடம் தெரியவில்லை.

சமையலக்கா அப்போதுதான் அடுப்பிலிருந்து தட்டை எடுத்திருந்தாள். கிளறி, நட்டநடுவில் கருவியைக் குத்தினாள். ஓரத்தில் குத்தினாள். மறுபடி நடுவில். எண் சரியாக இருந்தது. சரியைத் தாண்டியே இருந்தது. ஆவி முகத்தில் அடித்தது. கருவியைத் திருப்பி அம்மாவிடம் காட்டினாள்.

அம்மா எண்ணைப் பார்க்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்து, தட்டின் நடுவில் அடிவரை விட்டு, ஒரு வாய் எடுத்துத் தானே தின்றாள். நாக்கு சுட்டிருக்கவேண்டும், கண் கலங்கியது. விழுங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் சூடு பண்ணு," என்றாள்.

சமையலக்கா மறுபேச்சுப் பேசாமல் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அம்மா கரண்டியோடு பக்கத்தில் வந்தாள். கண்ணாடிக்கு உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் தட்டு சுற்றத் தொடங்கியது. தோளோடு தோள் படாமல், இரண்டு பேரும் அதையே பார்த்தபடி நின்றார்கள்.